மழைக்கு முன் ஒரு நாள் வேலை: சொட்டுநீர்க் குழாயை நிறுத்தி வைக்கும் முறை

ஈரோடு மாவட்டம் பவானி வட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு ஏக்கர் மஞ்சள். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது இவரும் மாமனாரும்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் மானியத்தில் சொட்டுநீர் போட்டார்கள். முதல் இரண்டு ஆண்டும் குறையில்லை. சென்ற ஆண்டு ஐப்பசியில் மழை பிடித்ததும் மோட்டாரை நிறுத்தினார்கள். மார்கழியில் மழை ஓய்ந்து மறுபடி போட்டபோது, கிழக்கு ஓரத்துப் பதினைந்து வரிசைகளில் பாதிக்கு மேல் தண்ணீர் சொட்டவில்லை. மண்ணில் பழைய ஈரம் இருந்ததால் பத்து நாள் யாருக்கும் தெரியவில்லை. இலை சுருண்ட பிறகுதான் தெரிந்தது. கிழங்கு பருக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனதால் அந்தப் பக்கம் விரலி மெலிந்து, எடை விழுந்துவிட்டது. நகையை வைத்து வாங்கிய கடனுக்கு வட்டியை மட்டும்தான் கட்ட முடிந்ததாம்.

இந்த ஆண்டும் மஞ்சள்தான் நிற்கிறது. (மஞ்சளுக்குப் பின் மஞ்சள் நல்ல பழக்கம் இல்லை. அது வேறொரு இதழுக்கான பேச்சு.) மாமனார் முடிவே செய்துவிட்டார். "அம்மிணி, இந்தக் குழாயைச் சுருட்டிப் போட்டுட்டு பழையபடி வாய்க்கால்லயே தண்ணி கட்டிக்கலாம்" என்கிறார். "மாமா, அதுக்குக் கெணத்துல தண்ணி பத்தாதுங்க" என்று மருமகள் சொல்லிப் பார்த்திருக்கிறார். குழாயைக் கழற்றிவிடலாமா, மானியத்தில் புதிதாகப் போட முடியுமா என்பதுதான் அவர் கேள்வி.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. ஆனால் ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு 7 ஆண்டு கழித்துத்தான் மறுபடி வாங்க முடியும். இவர் இன்னும் நான்கு ஆண்டு இதே குழாயை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே முதல் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கழற்ற வேண்டாம். குழாய் கெடவில்லை, அடைத்திருக்கிறது.

இப்படிச் சொல்லக் காரணம், வாசகி நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறார். தண்ணீர் வராத வரிசையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, பையில் போட்டுக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். பிளேடால் பிளந்து பார்த்ததில், உள்ளே இருக்கும் சொட்டுவானின் மேல் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல் ஒரு பொருக்கு. அதன் மேல் வண்டல் ஒரு படலம். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் வெள்ளைப் பொருக்கு நுரைத்தது. அப்படி நுரைத்தால் அது சுண்ணாம்பு உப்பு. கிணற்று நீர் கடினமானது என்று அர்த்தம்.

சொட்டுநீரில் தண்ணீர் போகும் பாதை சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். மோட்டார் தினமும் ஓடும்வரை தண்ணீரே அதைக் கழுவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் குழாய்க்குள் நின்ற தண்ணீர் எங்கும் போகாது. கறுப்புக் குழாய், மழை விட்ட நாள் வெயிலில் சுடும். சொட்டுவானின் வாய் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே தங்கிப் பொருக்காகும். வயலின் தாழ்ந்த பக்கத்தில் வண்டல் படிந்து, அந்த உப்போடு சேர்ந்து இறுகும். முதல் இரண்டு ஆண்டும் இதேதான் நடந்திருக்கும். அப்போது பாதை பாதி அடைந்திருந்தது, மூன்றாம் ஆண்டு முழுதும் அடைந்தது. சொட்டுநீர் ஓடும்போது கெடுவதைவிட, ஓடாமல் கிடக்கும் இரண்டு மூன்று மாதத்தில் கெடுவதுதான் அதிகம். குழாய் போட வருகிறவர்கள் மோட்டாரை ஓடவிட்டுக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எப்படி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முன், புரட்டாசிக்குள், மின்சாரம் நிற்காமல் வரும் ஒரு நாளையும் மறுநாள் காலை இரண்டு மணி நேரத்தையும் இதற்கு ஒதுக்கினால் போதும்.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை என்று மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் தலை, நடு, நுனி என மூன்று இடத்தில் சொட்டுவானுக்குக் கீழே சிறு குழி பறித்து ஒரு டம்ளரை வைக்க வேண்டும். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் என்றால் மூன்று நிமிடத்தில் 200 மில்லி விழ வேண்டும். 150-க்குக் கீழே போனால் அடைப்பு ஏறிவிட்டது. ஒன்பது டம்ளரின் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கவும். வேலை முடிந்ததும் மறுபடி அளக்கும்போது பலன் தெரியும், மாமனாருக்கும் காட்டலாம்.

அடுத்தது கழுவுதல். இதில் வரிசை மாறக் கூடாது. தலைப்பக்கத்திலிருந்து தொடங்கி நுனிக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் மேலே இருக்கும் அழுக்கு, கழுவிய குழாய்க்கே திரும்ப வரும். மணல் வடிகட்டி இருந்தால் அதை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும். மோட்டாரை நிறுத்தி, அழுத்தம் இறங்கியபின் மூடியைத் திறந்து, மணலைக் கையால் ஒருமுறை கிளறிப் பார்க்கவும். கட்டி கட்டியாக இருந்தால் எதிரோட்டம் மட்டும் போதாது, மணலை அள்ளி அலச வேண்டும். வலை வடிகட்டியைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கிழிசல் தெரியும். கிழிந்த வலையை வைத்துக்கொண்டு மற்ற வேலை அத்தனையும் செய்வது வீண். அதைப் புதிதாக வாங்கி மாட்டிவிடுவதே சிக்கனம்.

பிறகு மெயின் குழாய், சப்மெயின் குழாய் ஆகியவற்றின் கடைசியில் இருக்கும் ஃபிளஷ் வால்வைத் திறந்து கலங்கல் போகும்வரை விட வேண்டும். அதன் பின்தான் பயிர் வரிசைக் குழாய்கள். எல்லா நுனியையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது பலர் செய்யும் தவறு. அழுத்தம் குறைந்து, தண்ணீர் வழியுமே தவிர அழுக்கைத் தள்ளாது. ஐந்தைந்து வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் விட்டு, மூடிவிட்டு அடுத்த ஐந்துக்குப் போகலாம். முதலில் வரும் தண்ணீர் மோர் போல் இருந்தால் பயப்பட வேண்டாம். அதை வெளியே எடுக்கத்தான் இந்த வேலை.

வண்டல் இதிலேயே போய்விடும். உப்புப் பொருக்கு போகாது. அதற்கு அமிலம்தான் வழி. இந்த இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது.

வணிகத்துக்கு விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். கழிப்பறைக்கு என்று நிறம் கலந்து விற்பது வேண்டாம். எவ்வளவு அமிலம் என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஊற்றிய அளவு உங்களுக்குப் பொருந்தாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் 10 லிட்டர் எடுத்து, சிரிஞ்சால் ஒரு மில்லி, ஒரு மில்லியாக அமிலம் விட்டுக் கலக்கி, ஒவ்வொரு முறையும் பி.எச். காகிதத்தை நனைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் 4 காட்டும்போது எத்தனை மில்லி விட்டிருக்கிறது என்பதுதான் உங்கள் கணக்கு.

ஓர் உதாரணம். 10 லிட்டருக்கு 6 மில்லி ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் ஐந்தடிக்கு ஒரு வரிசை, இரண்டடிக்கு ஒரு சொட்டுவான் என்றால் ஏறக்குறைய 4,400 சொட்டுவான் வரும். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் மொத்தம் மணிக்குச் சுமார் 17,600 லிட்டர். அமிலம் 15 நிமிடம் போக வேண்டும். அந்த நேரத்தில் ஓடும் தண்ணீர் 4,400 லிட்டர். 10 லிட்டருக்கு 6 மில்லி வீதம் 2,640 மில்லி, அதாவது இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். தோட்டத்தை இரண்டு வால்வாகப் பிரித்து ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு வால்வுக்கும் பாதி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வென்சுரி 15 நிமிடத்தில் எவ்வளவு உறிஞ்சும் என்பதை வெறும் தண்ணீர் வைத்து முந்தின நாளே பார்த்துக்கொண்டு, அந்த அளவுத் தண்ணீரில் இந்த அமிலத்தைக் கலந்து வைக்க வேண்டும்.

கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர். குழந்தைகளும் ஆடு மாடும் அன்றைக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது. உலோக வாளி வேண்டாம்.

முதலில் வழக்கம்போல் அரை மணி நேரம் தண்ணீர் விட்டு, அழுத்தம் நிலைத்தபின் வென்சுரியைத் திறக்க வேண்டும். கடைசி வரிசை நுனியில் சொட்டும் தண்ணீரைக் காகிதத்தில் பார்த்தால் 4-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டியதும் முதலில் வென்சுரியின் உறிஞ்சு வால்வை மூடி, அதன் பிறகே மோட்டாரை நிறுத்த வேண்டும். வால்வு திறந்திருக்க மோட்டார் நின்றால் அமிலம் கிணற்றுக்குத் திரும்பக்கூடும். திரும்பாத வால்வு பழுதாகியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் இந்த வேலையையே தொடங்கக் கூடாது. குடிக்கவும் அதே கிணறு என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

24 மணி நேரம் அப்படியே விடவும். மறுநாள் அதே வரிசையில், சப்மெயின் முதலில், பிறகு ஐந்தைந்து வரிசையாக நுனிகளைத் திறந்து கழுவிவிடவும். வரும் தண்ணீரில் வெள்ளைத் துகள்கள் வரும். அது தொட்டிக்கோ மாடு குடிக்கும் பள்ளத்துக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளவும். மஞ்சளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு சொட்டுவானில் போவது ஒரு லிட்டர் அளவுதான், சுண்ணாம்பு கலந்த மண் அதைத் தாங்கிக்கொள்ளும். முழுதும் அடைத்துக்கொண்ட சொட்டுவானுக்குள் அமிலமும் நுழையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் முறை செய்தும் டம்ளர் நிரம்பாத வரிசைகளை மட்டும் வெட்டிவிட்டுப் புதுக் குழாய் போடலாம். வாசகியின் பதினைந்து வரிசையில் நான்கைந்துக்கு அப்படித் தேவைப்படலாம்.

பிளந்து பார்க்கும்போது வெள்ளைப் பொருக்குக்குப் பதிலாகப் பச்சையாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் அது பாசி, நுண்ணுயிர். திறந்த கிணறு, பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் தொல்லை. அதற்கு பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 65 கிராம் கணக்கில் கரைத்து, தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து அரை மணி நேரம் செலுத்தி, அதையும் 24 மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்புச் சக்கையையும் சேர்த்து விட்டால் நாமே அடைப்பு வைத்தது போல ஆகும். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே நாளில், ஒரே வாளியில், ஒரே குழாயில் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுத் திணறி ஆளை விழுத்தாட்டும். இரண்டும் தேவைப்பட்டால் ஒன்றைச் செய்து, நன்றாகக் கழுவி, நான்கு நாள் கழித்து மற்றதைச் செய்யலாம்.

கழுவி முடித்ததும் உர டேங்கில் வெறும் தண்ணீர் விட்டு வென்சுரி வழியே ஓட்டிவிட வேண்டும். மிச்ச உரம் உறைந்து கல்லாகிக் கிடப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். கடைசியில் நுனிகளைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, மறக்காமல் மூடிவிட வேண்டும். வடியட்டும் என்று திறந்தே விட்டுவிட்டால் எறும்பு, சிலந்தி, மழைக்கு ஒதுங்கும் தவளைக் குஞ்சு எல்லாம் உள்ளே குடிபோகும். மழை நாளிலும் பத்து நாளைக்கு ஒருமுறை, தண்ணீர் தேவையில்லை என்றாலும், பத்து நிமிடம் மோட்டாரைப் போட்டு நிறுத்துவது நல்லது. ஈரம் தேடும் வேர் சொட்டுவானுக்குள் நுழைவதை அது தடுக்கும், உப்பும் காயாது. இடி மின்னல் நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்து வைக்க வேண்டும். மோட்டார் அறை ஒழுகினால் குழாயைவிட முதலில் ஓட்டைச் சரிசெய்யவும். நனைந்த கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு உயிர்போன செய்தி மழைக்கு மழை வருகிறது.

மழை ஓய்ந்தபின் முதல் முறை ஓட்டும் நாளில்தான் சென்ற ஆண்டு வாசகி ஏமாந்தார். மழைத் தண்ணீர் இறங்கிய கிணறு கலங்கலாகத்தான் இருக்கும். முதல் கால் மணி நேரத் தண்ணீரை வயலுக்குள் விடாமல் ஃபிளஷ் வால்வு வழியே வெளியேற்றி, வடிகட்டியைக் கழுவி, அதன் பிறகு உள்ளே விட வேண்டும். உறிஞ்சு குழாய் கிணற்றின் அடியிலிருந்து மூன்றடியாவது மேலே நிற்க வேண்டும். அன்றைக்கே ஒன்பது டம்ளரையும் மறுபடி வைத்துப் பார்த்து, நோட்டில் இருக்கும் பழைய அளவோடு ஒப்பிட்டால், இலை சுருளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாமனார் சொல்லும் வாய்க்கால் யோசனைக்கு, கிணற்றில் தண்ணீர் பத்தாது என்று மருமகள் சொல்லியிருப்பதே போதுமான பதில். மாசியில் கிணறு இறங்கும்போது அது அவருக்கே தெரியும். ஆனால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பதினைந்து வரிசை காய்ந்ததைப் பார்த்தவர் அவர்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர், மழை நாளில் எலியும் வெயில் நாளில் அணிலும் குழாயைக் கடிப்பதற்கு வழி கேட்டிருக்கிறார். முழுத் தீர்வு கிடையாது. குழாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டடிக்குக் களை இல்லாமல் வைத்தால் எலிக்கு மறைவு இருக்காது. மட்டைக் குவியலைக் குழாய்மேல் போடக் கூடாது. அணில் கடிப்பது பெரும்பாலும் தாகத்துக்கு. நாலைந்து இடத்தில் மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் கடி குறைகிறது. ஒரு டப்பாவில் இருபது ஜாயின்டரும் பிளக்கும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். குழாயைச் சுருட்டி எடுத்து வைப்பவர்கள் வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிய வளையமாக, மடிப்பு விழாமல் சுற்றி, வெயில் படாத இடத்தில் கயிற்றில் தொங்கவிட வேண்டும். தரையில் போட்டால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்தது போல.

ஊட்டியிலிருந்து வந்த கேள்வி வேறு வகை. வீட்டு முன்பு புல்தரை போட்டு, மண்ணுக்குள் குழாய் பதித்து, தெளிப்பான் வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் விருந்தினர்களுக்கு அறை விடுவதால் புல்தரை பச்சையாக இருப்பது வருமானத்தோடு சம்பந்தப்பட்டது. கனடாவில் இருக்கும் மகன், "அப்பா, குளிர் வர்றதுக்கு முன்னாடி கம்ப்ரசர் வைத்துக் குழாய்த் தண்ணியை ஊதி எடுத்துடுங்க, இல்லேன்னா வெடிச்சுடும்" என்று சொல்லியிருக்கிறார். செய்ய வேண்டுமா?

மகன் சொன்னது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே குளிர்காலத்தில் மண்ணே மூன்று, நான்கு அடி ஆழத்துக்கு உறையும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். மூடிய குழாய்க்குள் அதற்கு இடமில்லாததால் குழாய் பிளக்கும். அதனால்தான் அங்கே இலையுதிர் காலம் முடிவதற்குள் தண்ணீர் இணைப்பை மூடி, காற்றை அழுத்திக் குழாயைக் காலி செய்து, வசந்தம் வரும்வரை தெளிப்பானைத் தொடுவதில்லை. ஊட்டியில் உறைபனி புல்மேல் விழுகிறது, மண்ணுக்குள் இறங்குவதில்லை. விடியலுக்கு முன் சில மணி நேரம், பள்ளமான இடங்களில் அதிகம். அரை அடி ஆழத்தில் பதித்த குழாய்க்கு ஆபத்தில்லை, கம்ப்ரசருக்குச் செலவு செய்ய வேண்டாம். தரைக்கு மேலே இருக்கும் வடிகட்டி, வால்வு, சுவரோரக் குழாய் ஆகியவற்றில் மட்டும் இரவு தண்ணீர் நிற்காமல் வடிய விட்டு, சாக்கால் சுற்றி வைத்தால் போதும்.

இன்னொரு வகையில் ஊட்டி நேர் எதிர். அங்கே தெளிப்பானுக்குக் குளிர்காலம் ஓய்வு, இங்கே அதுதான் வேலை நேரம். பனிக்காலத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் புல்தரை கருகாமல் இருக்கத் தெளிப்பானை ஓட்டுகிறார்கள், அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடி கொண்டு மூடுகிறார்கள். வீட்டிலும் அதையே செய்யலாம். சூரியன் ஏறுவதற்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் தெளிப்பானை ஓட்டினால் புல்மேல் இருக்கும் பனி கரைந்துவிடும். ஆகவே நவம்பருக்குள் ஒவ்வொரு தெளிப்பான் தலையையும் கழற்றி, மூக்குத் துளையில் இருக்கும் மண்ணை ஊசியால் குத்தாமல் தண்ணீரிலேயே அலசி, சுற்றுகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு ஒரு பக்கம் மட்டும் நனையும். பனி படிந்த புல்மேல் காலையில் விருந்தினர்கள் நடந்தால் அடிபட்ட தடம் நாலு நாளில் பழுப்பாகத் தெரியும். பனி கரையும்வரை அந்தப் பக்கம் ஒரு கயிறு கட்டிவிடலாம்.